சாரணர் மலையில் இரண்டு மழை

சிதறால் மலையின் பழைய பெயர் திருச்சாரணத்துமலை. சாரணர் என்போர் சமண மரபில் ஓரிடத்தில் நிலைகொள்ளாது சஞ்சரிக்கும் முனிவர்கள். வானிலேயே சஞ்சரிக்கும் ஆற்றல் பெற்றவர்கள் என்றும் அம்மரபு கூறும். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் முன் தோன்றும் சாரணர் அத்தகையோரே. ஆனால் மார்த்தாண்டத்திலிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் சென்று, கல் பாவிய பாதையில் ஏறி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் பெரும்பாறைகளின் அடியிலுள்ள குகையை அடையும்போது நமக்கு ஓர் எண்ணம் எழுகிறது. இது நடப்பவர்களின் இடமல்ல, நடக்காமல் இருப்பதற்கான இடம். மேலே கவிந்த பாறை. சாரல் எட்டாத உட்புறம். அருகே ஒரு சுனை. பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், பார்சுவநாதர், பத்மாவதி, அம்பிகை.

நடத்தலையே துறவாகக் கொண்டவர்கள் ஆண்டில் நான்கு மாதம் மட்டும் நடக்கக்கூடாது என்பது சமண விதி. அது மழைக்கால விதி. இம்மலையில் அவ்விதி எவ்வாறு பொருந்தியிருக்கும் என்பதே இங்கு நம் கேள்வி. ஏனெனில் இங்கே மழைக்காலம் ஒன்றல்ல, இரண்டு.

தொடங்கும் முன் ஒரு சிறு திருத்தம். சிதறாலை நாஞ்சில்நாட்டு ஊர் என்று எழுதும் வழக்கம் பரவிவிட்டது. நாஞ்சில்நாடு என்பது முறையாகத் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களே. சிதறால் இருப்பது விளவங்கோட்டில். இது வெறும் எல்லைக் கணக்கல்ல. மழையைப் பொறுத்தவரை இவ்விரண்டும் வேறுவேறு நாடுகள் எனலாம். அதற்குப் பிறகு வருவோம்.

விதியை முதலில் பார்ப்போம். ஆஷாட மாதத்து வளர்பிறையின் இறுதியில் தொடங்கிக் கார்த்திகைப் பௌர்ணமியில் முடிவது சாதுர்மாஸ்யம். மண் நனைந்ததும் முளைகள் எழும். புழுவும் பூச்சியும் பெருகும். பாதையெங்கும் உயிர் நிறைந்துவிடும். அப்போது நடப்பவன் ஒவ்வோர் அடியிலும் கொலை செய்கிறான். ஆகவே இருந்த இடத்திலேயே இருந்துவிட வேண்டும். மழையில் நனைவதைப் பற்றிய கவலையே இவ்விதியில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதனை மழையிலிருந்து காப்பதற்கான விதியல்ல அது. மழை எழுப்பிய உயிர்களை மனிதக் காலிலிருந்து காப்பதற்கான விதி. கோவலனுக்கும் கண்ணகிக்கும் மதுரை வழியைச் சொல்லும் கவுந்தியும் வழியிலுள்ள சிற்றுயிர்களுக்குத் தீங்கு நேராது செல்வதன் அருமையைத்தான் பெரிதும் எடுத்துரைக்கிறார்.

இவ்விதி பிறந்த நிலம் மகதமும் அதன் சுற்றுப்புறமும். சுவேதாம்பரர்களின் கல்பசூத்திரம் மகாவீரர் துறவுக்குப் பின் கழித்த 42 மழைக்காலங்களை ஊர் ஊராகக் கணக்கிடுகிறது. வைசாலியிலும் வாணிஜ்யகிராமத்திலும் 12, ராஜகிருகத்திலும் நாலந்தையிலும் 14, மிதிலையில் 6 என்று செல்லும் அப்பட்டியலில் பெரும்பாலான ஊர்கள் இன்றைய பிகாரைச் சேர்ந்தவை. ஒரு துறவியின் வாழ்வை மழைகளால் எண்ணுகிறார்கள் என்பது நம்மைக் கவர்கிறது. பௌத்தத் துறவியின் மூப்பும் அவர் கழித்த மழைக்காலங்களின் எண்ணிக்கையால்தான் கணக்கிடப்படுகிறது. வருஷம் என்ற சொல்லே மழை என்ற பொருளிலிருந்து ஆண்டு என்ற பொருளுக்கு நகர்ந்தது. ஆண்டுக்கு ஒரு மழைக்காலம் மட்டும் உள்ள நாட்டில் அந்நகர்வு எளிது. ஜூன் நடுவில் பிகாரில் தென்மேற்கு மழை தொடங்கும். அக்டோபர் தொடக்கத்தில் விலகும். ஏறத்தாழ நான்கு மாதம். அதன்பின் தரை காய்ந்துவிடும், நடக்கலாம்.

சிதறாலில் மழை வேறு தாளத்தில் பெய்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொடும் சராசரி நாள் ஜூன் 1 என்று இந்திய வானிலைத் துறை கொள்கிறது. அது இடவ மாதத்தின் நடுப்பகுதி, ஆகவே இடவப்பாதி. இம்மழை கடலிலிருந்து வருவது. இரவு பகல் பாராது, பெரிய இடியோசையில்லாமல், வானம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாகி, நாள்கணக்கில் பெய்யும். ஆவணியில் தளர்ந்து வெயில் வரும். பின்பு ஐப்பசியில், மலையாளக் கணக்கில் துலாம் மாதத்தில், மற்றது தொடங்கும். காலை தெளிந்திருக்கும். உச்சி தாண்டியபின் கிழக்கே மலைமேல் மேகம் திரளும். மாலையில் இடியும் மின்னலுமாகக் கொட்டி, இரவில் ஓய்ந்துவிடும். முதல் மழை கடலிலிருந்து மலைக்குச் செல்வது. இரண்டாம் மழை மலையிலிருந்து நம்மை நோக்கி இறங்குவது. சிதறால் பாறைமேல் நின்று கிழக்கே பார்ப்பவர்களுக்கு அது வரும் வழி கண்ணுக்கே தெரியும்.

எண்களில் பார்க்க விரும்புவோருக்கு, அருகில் நெடுங்காலப் பதிவு உள்ள இடம் திருவனந்தபுரம். அங்கே ஜூன் மாதச் சராசரி 300 மில்லிமீட்டரை ஒட்டியது. ஆகஸ்டில் அது ஏறத்தாழப் பாதியாகிறது. அக்டோபரில் மீண்டும் 250ஐத் தாண்டுகிறது. இரு திமில் கொண்ட ஒட்டகத்தைப் போன்ற வரைபடம். 1836இல் சுவாதித் திருநாள் காலத்தில் அமைந்த திருவனந்தபுரம் வானாய்வகம் இத்தகைய பதிவுகளின் மூல ஊற்று. அதன் இயக்குநராக 1852இல் வந்த ஜான் ஆலன் பிரவுன் அதோடு நிறைவடையாமல், 1855இல் ஆறாயிரம் அடிக்கும் மேற்பட்ட அகத்தியமலை உச்சியில் இன்னொரு ஆய்வகத்தை நிறுவினார். மேகங்களுக்குள்ளேயே கருவிகளைக் கொண்டுசென்று வைத்த அம்மனிதரைப் பற்றித் தமிழில் யாரேனும் விரிவாக எழுத வேண்டும்.

இனி விதியையும் மழையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். இன்றைய பஞ்சாங்கப்படி ஆஷாடப் பௌர்ணமி ஜூலையில் விழுகிறது. கார்த்திகைப் பௌர்ணமி நவம்பரில். ஆனால் இன்றைய தேதிகளை அப்படியே பழங்காலத்தின் மேல் ஏற்றக்கூடாது. நம் மாதங்கள் விண்மீன்களைச் சார்ந்தவை. பருவங்களோ சூரியனின் சாய்வைச் சார்ந்தவை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகல் ஏற்படுகிறது. பின்னோக்கிச் சென்றால், மகாவீரர் காலத்தில் ஆஷாடப் பௌர்ணமி இன்றைய கணக்கில் சராசரியாக ஜூன் பத்தாம் தேதியை ஒட்டி வந்திருக்கும். அதாவது மகதத்தில் மழை இறங்கும் நாட்கள். விதி தன் சொந்த நிலத்தில், தன் சொந்தக் காலத்தில், எவ்வளவு துல்லியமாக அமைந்தது என்பது வியப்பளிக்கிறது.

சிதறாலின் முக்கியமான கல்வெட்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். அரிட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கி குரத்தியார் இம்மலைப் படாரியாருக்குப் பொன்னணி அளித்த செய்தி அதில் உள்ளது. குரத்தி என்பது குருவின் பெண்பால். இது பெண் துறவியரின் மலையாகவும் இருந்தது. குணந்தாங்கியின் காலத்தில் கணக்கு எப்படி? இன்றைக்கும் அன்றைக்கும் பதினைந்து நாட்கள் வேறுபாடு. ஆஷாடப் பௌர்ணமி சராசரியாக ஜூன் இறுதி. கார்த்திகைப் பௌர்ணமி அக்டோபர் இறுதி. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. மழைகளின் வரவு அன்றும் ஏறத்தாழ இன்றுபோலவே இருந்ததென்று கொண்டால், நிலைமை இதுதான். நோன்பு தொடங்கும்போது இங்கே மழை தொடங்கி ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியிருக்கும். முளைகள் எல்லாம் எழுந்தாயிற்று. நடுவே ஆவணியில் தரை காய்ந்து, நடப்பதற்கு மிகவும் ஏற்ற நாட்களில் குகைக்குள் இருக்க வேண்டும். நோன்பு முடிந்து மலையிறங்கலாம் என்று விதி அனுமதிக்கும் நாளில் கிழக்கே இடி முழங்கும். மண்ணில் இரண்டாம் முறையாக உயிர்கள் எழத் தொடங்கியிருக்கும்.

நடக்காதே என்ற விதியைக் காப்பதா, கொல்லாதே என்ற விதியைக் காப்பதா? முதலாவது இரண்டாவதன் பொருட்டே உண்டானது. இங்கே அவ்விரண்டும் பிரிந்துவிடுகின்றன. பஞ்சாங்கம் போகலாம் என்கிறது. மண் போகாதே என்கிறது. நான்கு மாத நோன்பு மலையில் இயல்பாகவே ஆறு மாதமாக நீண்டிருக்கும் என்பது நம் ஊகம். மலைக்குகைகளின் தொடர்ச்சியான குடியிருப்பும், நிலையான பள்ளியும், அங்கேயே தங்கி மாணாக்கரைப் பெற்ற குரத்திகளும் உருவானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். சஞ்சரிப்பவர் பெயரைக் கொண்ட மலை தங்கியிருப்பவர்களின் மலையானது மழையால் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இவ்விலகல் சிதறாலுக்கு மட்டும் உரியதல்ல. கடலுக்கு அப்பால் அனுராதபுரத்தில் அது இன்னும் கடுமை. இலங்கையின் உலர்வலயத்தில் மழை ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்வது. ஆனி முதல் ஆவணிவரை மிக வறண்ட மாதங்கள். பௌத்தத் துறவிகளின் மூன்று மாத மழைக்கால உறைவு ஆடிப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்குவது. ஆக, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே கோடையில் மழைக்காலம் காக்கிறார்கள். துறவிகள் மழைக்காக வெளிவராமல் இருக்கும் நாட்களில் குளங்கள் அடிமண் தெரிய வற்றிக் கிடக்கும். கொழும்பில் அப்படியில்லை. அங்கே வைகாசியிலும் ஐப்பசியிலுமாக இரு உச்சங்கள். நம் சிதறாலின் தாளமே. ஒரு சிறிய தீவுக்குள் ஒரே விதி ஓரிடத்தில் பாதி பொருந்துகிறது, இன்னோரிடத்தில் முற்றிலும் பொருந்தவில்லை. ஆனால் எங்கும் காக்கப்பட்டது. மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளில், மழைநீர் உள்ளே வழியாதவாறு குகையின் நெற்றியில் காடி வெட்டியிருப்பதைக் காண்கிறோம். இலங்கையின் பிராமிக் குகைகளிலும் அதே காடி. கல்தச்சன் உள்ளூர் மழையைக் கண்டு வெட்டினான். விதியை மட்டும் யாரும் திருத்தவில்லை.

கேரளத்தில் ஒரு கதை உண்டு. அயலார் மிளகுக்கொடியைக் கப்பலேற்றிச் செல்கிறார்கள் என்று அஞ்சியவர்களிடம், கொடியைத்தானே கொண்டுபோக முடியும், திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியுமா என்று சாமூதிரி சிரித்தாராம். ஆனியின் அந்த இரு வார மழையில்தான் மிளகு நட்டால் பிடிக்கும். துறவிகளின் கதை இதன் மறுபக்கம். அவர்கள் ஞாற்றுவேலையைக் கொண்டுவந்தார்கள். மழையைக் கொண்டுவர முடியவில்லை.

இவ்விடத்தில் மலையாள மாதப் பெயர்களின் பெருமையைப் பேசி, உள்ளூர்க் காலக்கணக்கே சரியானது என்று முடித்துவிடத் தோன்றும். இடவப்பாதி, துலாவர்ஷம் என்ற பெயர்களே மழையின் நாளைச் சொல்லிவிடுகின்றனவே! நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் கொல்லம் ஆண்டின் மாதங்களும் விண்மீன் கணக்கைச் சார்ந்தவையே. குணந்தாங்கியின் காலத்தில் இடவத்தின் பாதி மே மாத நடுவில் வந்திருக்கும். மழைக்கு இன்னும் இரு வாரம் இருந்திருக்கும். அன்று இங்குள்ளோர் இம்மழையை மிதுன மழை என்று அழைத்திருந்தால் அதுவே பொருந்தும். அப்பெயர் இப்போது பொருந்துகிறதென்றால், மழைக்குப் பெயரிட்டவர்கள் நமக்கு அண்மைக் காலத்தவர்கள் என்றுதான் பொருள். இன்னும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளில் இடவப்பாதி இடவத்தின் தொடக்கத்துக்குச் சென்றுவிடும். பெயர் மட்டும் அங்கேயே நிற்கும்.

இக்கணக்குகளுக்கு அடியில் பசி இருக்கிறது. கர்க்கடகம், அதாவது ஆடி, மலையாள நாட்டில் பஞ்ச மாதம். மழையால் வேலையில்லை, பத்தாயம் காலி, புது நெல் அறுவடைக்கு இரு மாதம் உண்டு. இங்கே இரு போகம். பூ என்பது போகம். சித்திரையில் விதைத்துக் கன்னி மாதத்தில், அதாவது புரட்டாசியில், அறுப்பது கன்னிப்பூ. அதன்பின் நட்டு மாசியில் அறுப்பது கும்பப்பூ. முதல் மழைக்கு ஒன்று, இரண்டாம் மழைக்கு ஒன்று. சாதுர்மாஸ்யத்தின் முதல் மாதத்திலோ இரண்டாம் மாதத்திலோ கர்க்கடகம் விழும். நடந்து திரியும் காலத்தில் துறவியின் பிச்சை பல ஊர்களுக்குப் பகிர்ந்து போகும். ஓரிடத்தில் தங்கும்போதோ அது அந்த மலையடி ஊர்களின் மேல் மட்டும் விழுகிறது, அதுவும் அவர்களே பட்டினி கிடக்கும் மாதத்தில். பல வீடுகளில் கைப்பிடி கைப்பிடியாகப் பெறுவது என்ற சமண நெறி இங்கே வெறும் அறமல்ல, தேவையுமாகும். இன்னொன்று. கர்க்கடகத்தில் தகரை, சேம்பு எனப் பத்து வகை இலைகளைத் தின்பது மலையாள வழக்கம்; பஞ்சத்தில் தரையில் முளைத்ததைத் தின்றே உயிர்வாழ்ந்ததன் எச்சம் அது. சமணருக்கோ மழைக்காலத்தில் கீரையே ஆகாது. அதில் சிற்றுயிர்கள் உண்டு. ஊரார் இலை தின்று பிழைத்த மாதத்தில், மலைமேல் இருந்தவர்களுக்குத் தானியம் மட்டும்தான். கொடுத்தவர்களின் பெயர்கள் கல்லில் இல்லை.

கர்க்கடகத்தின் பசியைக் குறைத்தது அறமோ அரசோ அல்ல, ஒரு கிழங்கு. விசாகம் திருநாள் 1880 முதல் 1885 வரையிலான தம் ஆட்சியில் பரப்பிய மரச்சீனி. மழைக்கு அஞ்சாத, நெல்லைப்போல் மாதம் பாராத பயிர். இதைச் சமணத்தோடு இணைத்துப் பேசுவது சற்று வேடிக்கைதான். மண்ணுக்கடியில் விளையும் கிழங்கும் அவர்களுக்கு விலக்கு.

தொடக்கத்தில் தள்ளிவைத்த எல்லைக் கணக்குக்கு வருவோம். முதல் மழை விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் நின்று பெய்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயை அடையும்போது அது காற்றாக மட்டுமே மிஞ்சுகிறது. இன்று காற்றாலைகள் நிற்குமிடம் அது. நாஞ்சில்நாட்டு வயல்களுக்கு மேற்கு மழையைக் கொண்டுசெல்வதே இப்பகுதியின் நெடிய வரலாறு. பறளியாற்றைத் திருப்பிய பாண்டியன் அணை, மார்த்தாண்டவர்மா காலத்துப் புத்தன் அணை, மிஞ்சின் துரையின் பேச்சிப்பாறை என்று அது தொடர்கிறது. 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையின் அருகிலேயே அப்பொறியாளர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஜூன் 1இல் மதகைத் திறந்து பிப்ரவரி இறுதியில் மூடுவது அணையின் மரபு. அதாவது இடவப்பாதியில் திறந்து, கும்பப்பூவுக்கு மூடுவது. 1956 நவம்பர் 1இல், துலா மழைக்கு நடுவே, நான்கு வட்டங்களும் தமிழ்நாட்டோடு இணைந்தன. ஆண்டுமழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவத்தில் பெறும் மாநிலத்தில், இரு மழையையும் ஏறக்குறையச் சமமாகப் பெறும் மாவட்டம் இது. சம்பா, குறுவை என்று பேசும் அலுவலகங்களில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் இன்றும் அறிக்கைச் சொற்களாக நிலைத்திருப்பது நல்லூழ்தான்.

வயலில் அச்சொற்கள் அருகி வருகின்றன. சிதறாலைச் சுற்றி இன்று நெல்லைத் தேட வேண்டும். மலையிலிருந்து பார்த்தால் தென்னையும் ரப்பருமே கண்ணுக்கெட்டியவரை. ரப்பர் மழையின் பொருளையே தலைகீழாக்கிவிட்டது. நெல் விவசாயிக்கு மழைநாள் விளைச்சல். பால்வெட்டும் தொழிலாளிக்கு அது கூலியில்லாத நாள். நனைந்த பட்டையில் வெட்டினால் பால் சிரட்டைக்குச் செல்லாமல் மரமெங்கும் வழிந்துவிடும். அதிகாலையில் மழை இருந்தால் அன்று வேலை இல்லை. ஆகவே இடவத்திலும் துலாத்திலும் இங்கே பல நூறு வீடுகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே செல்லாமல் இருக்கின்றன. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் வந்தபோது ரப்பர்க் காடுகளே சாய்ந்தன. மீண்டும் நட்டார்கள்; பால் சுரக்க ஏழாண்டுகள் ஆகும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இக்குகை பகவதி கோயிலாயிற்று. தீர்த்தங்கரர்கள் அப்படியே இருக்கிறார்கள். நாம் படியிறங்கும்போது கீழே தோட்டத்தில் மழைக்கவசம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைப் பாவாடைபோல் சுருக்கி, தாருடன் ஒட்டி, பட்டையில் ஒழுகும் நீர் வெட்டில் இறங்காமல் வெளியே வடிந்துவிடும்படி. இடவம் பிறந்து ஆறு நாட்கள் ஆகியிருந்தன. இன்னும் முந்நூறு மரம் பாக்கி என்றார் ஒருவர், மேற்கே பார்த்தபடி.